புதிய டேபில் ஒரு விலங்கு: அருகிவரும் உயிரினங்களுக்காக ஒரு பிரவுசர் நீட்டிப்பு

பிரவுசரில் புதிய டேப் திறந்தால், அழியும் நிலையில் இருக்கும் ஒரு விலங்கின் படமும் அதைப் பற்றிய இரண்டு வரியும் வரவேண்டும். யோசனை இவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரிந்தவர் இரண்டு நாளில் ஓடவைத்துவிடுவார். ஆறு மாதம் கழித்தும் பயனர் அதை நீக்காமல் வைத்திருப்பதும், அதில் உள்ள ஒவ்வொரு வரியும் அன்றைக்கும் உண்மையாக இருப்பதும்தான் கடினம். நிரல் எழுதுவது இதில் கால் பங்கு வேலை. தரவு, படம், உரிமம், பராமரிப்பு ஆகியவை மீதி முக்கால் பங்கைத் தின்றுவிடும்.

எந்த வடிவம்?

மூன்று வடிவங்கள் சாத்தியம். கருவிப்பட்டையில் ஓர் ஐகான், அதைச் சொடுக்கினால் சின்னப் பெட்டி திறக்கும் என்பது முதல் வகை. செய்வது எளிது, ஆனால் நிறுவிய ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த ஐகானை யாரும் தொடுவதில்லை. படிக்கும் பக்கத்தில் விலங்கின் பெயர் வந்தால் அடிக்கோடிட்டு, சுட்டியை அருகே கொண்டுபோனால் அதன் நிலையைக் காட்டுவது இரண்டாவது வகை. மூன்றாவது, புதிய டேப் பக்கத்தையே மாற்றுவது.

இரண்டாவது வகைதான் கேட்டதும் பிடித்துப்போகும். அதனாலேயே அதன் சிக்கல்களைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பெயர்களைத் தேட, எல்லா இணையதளங்களிலும் ஓடும் கன்டென்ட் ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் புகுந்து ஓடும் நிரல்) தேவை. நீட்டிப்பின் விவரங்களையும் அனுமதிகளையும் அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் அதை எழுதிய உடனே, எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் இந்த நீட்டிப்பால் முடியும் என்று நிறுவும்போது குரோம் எச்சரிக்கும். ஒரு விலங்கை அறிமுகப்படுத்துவதற்காக வங்கிப் பக்கத்தையும் மின்னஞ்சலையும் படிக்கும் உரிமையைக் கேட்பது நியாயமில்லை. அனுமதி பரந்து விரிந்தால், நீட்டிப்புகளை வெளியிடும் கடையின் பரிசீலனையும் நீளும்.

அனுமதி கிடைத்தாலும் பொருத்தம் பிழைக்கும். ஜாகுவார் கார் நிறுவனம், பூமா காலணி, பைதான் நிரல்மொழி. தமிழ்ப் பக்கங்களில் இன்னும் சிரமம். 'யானை' என்று தேடினால் யானைக்கால் நோய்க் கட்டுரை சிக்கும்; 'புலி' என்று தேடினால் புலியூர் சிக்கும். முழுச்சொல் மட்டும் போதும் என்று வைத்தால் யானையை, யானைக்கு, யானைகளின் என்று உருபேறி வருபவை எல்லாம் தப்பிவிடும். ஜாவாஸ்கிரிப்டின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் எழுத்து வடிவத்தைத் தேடும் முறை) சொல்லெல்லையைக் குறிக்கும் குறியீடு ரோமன் எழுத்துகள், இலக்கங்கள், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக எண்ணும். தமிழுக்கு அது உதவாது. யூனிகோட் பண்புகளை வைத்து எழுதலாம். ஆனால் எழுத்து என்ற பண்போடு துணைக்குறி என்ற பண்பையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் 'லி'யில் உள்ள இகரக்குறி தனியே நின்று, சொல் அங்கேயே முடிந்ததாகக் கணக்காகும். உரையைச் சொற்களாகவும் எழுத்துகளாகவும் பிரிக்கும் இன்டல் செக்மென்டர் என்ற பிரவுசர் வசதி இந்த வேலைக்கு நல்லது. குரோமில் 87ஆம் பதிப்பிலிருந்தும் ஃபயர்பாக்ஸில் 125ஆம் பதிப்பிலிருந்தும் இருக்கிறது.

அடுத்த ஆபத்து, பக்கத்தையே கெடுத்துவிடுவது. பயனர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் அடிக்கோட்டுக் குறி நுழைந்தால் அது கடிதத்தோடு சேர்ந்தே போய்விடும். உள்ளீட்டுப் பெட்டிகள், திருத்தக்கூடிய பகுதிகள், நிரல் பகுதிகள் எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். மியூட்டேஷன் அப்சர்வர் வைத்துப் பக்க மாற்றங்களைக் கவனித்தால், நாம் சேர்க்கும் குறியே புதிய மாற்றமாகப் பதிவாகி முடிவில்லாச் சுழற்சியில் மாட்டும். சேர்ப்பதற்கு முன் அப்சர்வரை நிறுத்தி, சேர்த்தபின் மீண்டும் தொடங்க வேண்டும். விளக்கப்பெட்டியை ஷேடோ டாம் என்ற தனி உறைக்குள் வைத்தால்தான் தளத்தின் சிஎஸ்எஸ் (வடிவமைப்பு விதிகள்) அதைச் சிதைக்காது.

இந்த வசதி கட்டாயம் வேண்டுமென்றால் ஆக்டிவ்டேப் அனுமதியை வைத்து, பயனர் ஐகானைச் சொடுக்கிய பக்கத்தில் மட்டும் தேடுங்கள். அதற்கு எச்சரிக்கை எதுவும் வராது. முதல் பதிப்பில் இதைத் தொடாமல் புதிய டேபோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

அடிப்படை அமைப்பு

மேனிஃபெஸ்ட் பதிப்பு 3தான் இப்போது வழி. பெயர், பதிப்பெண், விளக்கம், ஐகான்கள், புதிய டேபை மாற்றும் 'குரோம் யூஆர்எல் ஓவர்ரைட்ஸ்' பகுதி, 'ஸ்டோரேஜ்' என்ற ஒரே அனுமதி. இவை போதும். ஐகான் 16, 32, 48, 128 பிக்சல் அளவுகளில் வேண்டும். 16 பிக்சலில் முழு விலங்கு வெறும் கறையாகத்தான் தெரியும். கண், கொம்பு, கால்தடம் போன்ற ஒரே உருவைத் தனியாக வரைந்து வையுங்கள்.

ஸ்டோரேஜ் அனுமதிக்கு எச்சரிக்கை வராது. புதிய டேபை மாற்றுவதற்கு வரும். அதோடு முடியாது: நிறுவியபின் முதல்முறை புதிய டேப் திறக்கும்போது, நீங்கள் எதிர்பார்த்த பக்கம் இதுதானா என்று குரோம் கேட்கும். பழையபடி மாற்றுவதைத் தேர்ந்தால் நீட்டிப்பு முடங்கிவிடும். பலர் பதற்றத்தில் அதையே அழுத்துகிறார்கள். கடைப்பக்க விளக்கத்தில் இதை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவையுங்கள். ஒரு பிரவுசரில் ஒரு நீட்டிப்புதான் புதிய டேபைக் கைப்பற்ற முடியும் என்பதும், மறைநிலைச் சாளரத்தில் இது வராது என்பதும் அங்கேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் 'வேலை செய்யவில்லை' என்று ஒற்றை நட்சத்திர மதிப்புரைகள் வரும்.

நீட்டிப்புப் பக்கங்களில் ஹெச்டிஎம்எல்லுக்கு உள்ளேயே எழுதிய ஸ்கிரிப்ட் ஓடாது. பொத்தானில் நேரடியாக எழுதும் ஆன்கிளிக்கும் ஓடாது. பிழைச்செய்தி கன்சோலில் மட்டும் வரும் என்பதால், பொத்தான் ஏன் செத்துக்கிடக்கிறது என்று புதியவர்கள் திகைப்பார்கள். எல்லாவற்றையும் தனி ஜேஎஸ் கோப்பில் எழுதி, ஆட் ஈவென்ட் லிசனர் வழியாக இணையுங்கள். வெளி சர்வரிலிருந்து ஸ்கிரிப்டை இறக்கி ஓட்டுவதற்குப் பதிப்பு 3இல் தடை. ஜேசன் என்ற எளிய உரை வடிவில் உள்ள தரவை மட்டும் இறக்கலாம்.

சர்வீஸ் ஒர்க்கர் (பின்னணியில் ஓடும் நிரல்) இல்லாமலேயே இந்த நீட்டிப்பு ஓடும். வைக்க நேர்ந்தால், வேலை இல்லாமல் 30 விநாடி போனால் பிரவுசர் அதை நிறுத்திவிடும் என்பதை மறக்கக்கூடாது. அதில் வைத்த மாறிகள் அழியும், செட்டைம்அவுட் ஓடாமல் போகும். நிலையைச் சேமிப்பகத்தில் வையுங்கள், நேரத்துக்குப் பிரவுசரின் அலாரம்ஸ் வசதியைப் பயன்படுத்துங்கள்.

ஃபயர்பாக்ஸுக்கும் இதே கோப்புகள் ஏறக்குறைய அப்படியே போதும். பதிப்பு 3க்கு மேனிஃபெஸ்டில் கெக்கோ அடையாளம் கட்டாயம்; 2025 நவம்பர் முதல் புதிய நீட்டிப்புகள் என்ன தரவைச் சேகரிக்கின்றன என்பதையும் அங்கேயே அறிவிக்க வேண்டும். எதையும் சேகரிக்காவிட்டால் 'எதுவும் இல்லை' என்பதற்கான மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு விலங்கு

ஒவ்வொரு டேபுக்கும் ஒரு புதிய விலங்கு என்று வைக்கத்தான் முதலில் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நாளில் பல பத்து டேப் திறப்பவருக்கு மாலைக்குள் எல்லா முகங்களும் ஒன்றுபோல் ஆகிவிடும்; மூன்றாம் நாள் கண் அதைத் தாண்டிப் போகும். நாள் முழுக்க ஒரே விலங்கு, டேபுக்கு டேப் அதைப் பற்றிய வேறொரு தகவல் என்று வைத்தால் அந்த விலங்கு மனதில் தங்குகிறது. ஒரு விலங்குக்கு நான்கு தகவல் போதும்: எங்கே எப்படி வாழ்கிறது, எதனால் குறைகிறது, யார் என்ன செய்கிறார்கள், படிப்பவர் செய்யக்கூடியது என்ன. அறுபது விலங்கு இருந்தால் இரண்டு மாதம் திரும்ப வராது.

வரிசையை மேத் ரேண்டம் என்ற தற்செயல் எண் வைத்து அன்றன்று தேர்ந்தால் ஒரே விலங்கு அடுத்தடுத்து வரும். சில வராமலே போகும். ஃபிஷர்–யேட்ஸ் முறையில் முழுப் பட்டியலையும் ஒருமுறை கலைத்துச் சேமித்து, ஒவ்வொன்றாக எடுத்து, தீர்ந்ததும் மறுபடி கலைக்க வேண்டும். தேதிக்கு டூ ஐஎஸ்ஓ ஸ்டிரிங் பயன்படுத்தினால் கிடைப்பது உலகப் பொது நேரத் தேதி. கிழக்கே வாழும் பயனருக்கு விலங்கு நள்ளிரவில் மாறாமல் காலையில் நடுவழியில் மாறும். உள்ளூர் ஆண்டு, மாதம், நாளை எடுத்து நீங்களே கோத்துக்கொள்ளுங்கள்.

பயனரின் விருப்பங்களை ஸ்டோரேஜ் சிங்க் என்ற ஒத்திசைவுச் சேமிப்பகத்தில் வைத்தால் அவருடைய எல்லாக் கணினிக்கும் போகும். மொத்தம் 1,02,400 பைட், ஓர் உருப்படிக்கு 8,192 பைட் என்பது வரம்பு. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும் என்பதால் உரையை அங்கே வைக்காமல் விலங்கின் அடையாள எண்ணை மட்டும் வையுங்கள்.

பயனர் நீட்டிப்பை நீக்கப் பெரும்பாலும் காரணமாவது, பழைய பக்கத்தில் இருந்த குறுக்கிணைப்புகள் காணாமல் போவது. அதிகம் பார்த்த தளங்களை எடுக்கும் டாப் சைட்ஸ் அனுமதி இன்னொரு எச்சரிக்கையைக் கொண்டுவரும். அதற்குப் பதில், பயனர் தானே எட்டு இணைப்புகளைச் சேர்த்துக்கொள்ள ஒரு வரிசை கொடுங்கள். தேடல் பெட்டி வேண்டாம். புதிய டேப் திறந்ததும் கர்சர் முகவரிப் பட்டியில் இருக்கிறது. அதைப் பறிக்கும் எந்த ஃபோகஸும் பயனரின் தட்டச்சைக் கெடுக்கும்.

பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் வரவேண்டும். ஃபிரேம்ஒர்க் எதுவும் தேவையில்லை. படத்தின் முதன்மை நிறத்தைத் தரவிலேயே எழுதிவைத்து, முதலில் அந்த நிறத்தைப் பின்னணியாகப் பூசி, படம் டிகோட் ஆனதும் மேலே காட்டினால் வெள்ளைப் பளிச்சிடல் இருக்காது.

தமிழ் உரைக்கு வரியுயரம் 1.6க்குக் குறையக்கூடாது, குறைந்தால் இகரத்தின் மேல்வளைவும் உகரக் கால்களும் இடிக்கும். எழுத்திடைவெளியைக் கூட்டும் சிஎஸ்எஸ் பண்பைத் தமிழுக்குப் போடவே கூடாது. நீண்ட பெயரைச் சுருக்க ஸ்லைஸ் பயன்படுத்தினால் எழுத்து பாதியில் அறுபடும். அங்கேயும் செக்மென்டரே சரி. எழுத்துருவை நீட்டிப்புக்குள்ளேயே வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழின் உரிமம் அதற்கு இடம் தருகிறது.

ஒவ்வொரு விலங்கின் அட்டைக்குள்ளும் என்ன இருக்க வேண்டும்

உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் சிவப்புப் பட்டியலை ஐயூசிஎன் (இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம்) 1964இல் தொடங்கியது. ஒன்பது வகைப்பாடுகள் அதில் உண்டு. அழியும் ஆபத்தில் உள்ளவை என்று அது எண்ணுவது மூன்றை மட்டுமே: அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம். அச்சுறு நிலையை அண்மித்த இனம் அந்தக் கணக்கில் வராது. தரவு போதாத இனம் என்றால் பாதுகாப்பானது என்று பொருளில்லை.

இந்த வகைப்பாடு கணக்கிலிருந்து வருகிறது என்பதைப் பயனருக்குக் காட்டுவது நல்லது. பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் எண்ணிக்கை 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மிக அருகியது. 50 என்றால் அருகியது. 30 என்றால் அழிவாய்ப்பு. குறைவின் காரணம் தெரிந்து, மீளக்கூடியதாகி, நின்றும்போயிருந்தால் இந்த வரம்புகள் உயரும். இனப்பெருக்க வயதில் 50க்கும் குறைவானவையே மிஞ்சியிருந்தால், வேறு எதுவும் பார்க்காமலே மிக அருகியது.

நிலைகள் மாறிக்கொண்டே இருக்கும். பெரும் பாண்டா 2016இல் அருகியதிலிருந்து அழிவாய்ப்புக்கு வந்தது. பனிச்சிறுத்தைக்கு 2017இல் அதே மாற்றம். ஆப்பிரிக்க யானையை 2021இல் இரண்டு இனமாகப் பிரித்து மதிப்பிட்டார்கள்: காட்டு யானை மிக அருகியது, புல்வெளி யானை அருகியது. சைகா மறிமான் 2023இல் மிக அருகிய நிலையிலிருந்து நேராக அச்சுறு நிலையை அண்மித்த இனமானது. பச்சைக் கடலாமை 2025இல் அருகிய நிலையிலிருந்து கவலை குறைந்த இனத்துக்கு வந்துவிட்டது. இவற்றை இன்னும் பழைய நிலையில் காட்டும் படங்களும் பட்டியல்களும் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. அதனால் அட்டையில் நிலை மட்டும் போதாது. மதிப்பீட்டு ஆண்டு கட்டாயம். பத்தாண்டு கடந்த மதிப்பீட்டுக்குப் பட்டியலே 'புதுப்பிக்க வேண்டியது' என்று குறி இடுகிறது. அந்தக் குறி இருந்தால் அதையும் காட்டுங்கள்.

இனம் வேறு, அதன் கிளைக்கூட்டம் வேறு. லெதர்பேக் கடலாமை உலக அளவில் அழிவாய்ப்பு இனம்; கிழக்குப் பசிபிக் கூட்டமோ மிக அருகியது. எதைப் பற்றிச் சொல்கிறோம் என்று எழுதாவிட்டால் இரண்டுமே பொய்யாகிவிடும். ஆக்சோலோடல் என்ற நீர்நில வாழ்வி உலகெங்கும் தொட்டிகளில் வளர்கிறது; மெக்சிகோ நகரை ஒட்டிய இயற்கை வாழிடத்தில் மிக அருகியது. 'தொட்டியில்தான் நிறைய இருக்கிறதே' என்று கேட்பவருக்கான பதில் அட்டையிலேயே இருக்க வேண்டும்.

சிவப்புப் பட்டியலுக்கு ஏபிஐ (நிரல் வழியே தரவைக் கேட்டுப் பெறும் வசதி) இருக்கிறது. இப்போது நான்காம் பதிப்பு, டோக்கன் என்ற அனுமதிச் சாவி வேண்டும். அந்த டோக்கனை நீட்டிப்புக்குள் வைக்கக்கூடாது. நீட்டிப்பு என்பது ஒரு ஜிப் கோப்புதான், யாரும் திறந்து பார்க்கலாம். பயன்பாட்டு விதிகளும் இறுக்கமானவை: வணிக நோக்கில் பயன்படுத்த அனுமதி பெற வேண்டும், தரவை அப்படியே மறுவிநியோகம் செய்யக்கூடாது, மேற்கோள் காட்ட வேண்டும். பரவல் வரைபடங்களுக்கும் இது பொருந்தும். நடைமுறையில் நன்றாக ஓடுவது இதுதான்: உங்கள் கணினியில் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் ஏபிஐயைக் கேட்டு, உங்கள் அட்டையில் உள்ள நிலை மாறியிருக்கிறதா என்று மட்டும் ஒப்பிட்டுச் சொல்லட்டும். உரையை நீங்கள் உங்கள் சொற்களில் எழுதி, அந்த இனத்தின் பட்டியல் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள்.

ஒவ்வொரு அட்டைக்கும் ஜேசனில் இவை வேண்டும்: அறிவியல் பெயர், தமிழ்ப் பெயர், நிலை, மதிப்பீட்டு ஆண்டு, எண்ணிக்கையின் போக்கு, நான்கு தகவல்கள், மூல இணைப்பு, படக்கோப்பு, படம் எடுத்தவர், உரிமம், படத்தின் மையப்புள்ளி, மாற்று உரை, கடைசியாகச் சரிபார்த்த தேதி. இவற்றில் ஒன்று காலியாக இருந்தாலும், சரிபார்த்து ஓராண்டு கடந்திருந்தாலும் ஜிப் உருவாகாமல் நிற்கும்படி ஒரு சோதனை ஸ்கிரிப்ட் எழுதுங்கள். முழு வேலையிலும் அதிகப் பலன் தருவது அந்த ஐம்பது வரி ஸ்கிரிப்ட்தான்.

விலங்குகளைத் தேரும்போது புலி, யானை, பாண்டா என்று பாலூட்டிகள் பக்கமே கை போகும். மதிப்பிட்டவற்றில் நீர்நில வாழ்விகளில் சுமார் 41 சதவீதமும், சுறா, திருக்கை இனங்களில் சுமார் 37 சதவீதமும் ஆபத்தில் உள்ளன. பாலூட்டிகளில் அது கால்பங்கை ஒட்டியது. தவளைக்கும் நன்னீர் மீனுக்கும் இடம் ஒதுக்குங்கள். அறிந்த முகத்துக்கு அடுத்த நாள் அறியாத முகம் என்று வரிசையைக் கோத்தால் பயனர் சலிப்பதில்லை.

எண்களும் தொனியும்

விழிப்புணர்வு உரைகளில் அதிகம் திரிவது, உலக இயற்கை நிதியம் (டபிள்யூடபிள்யூஎஃப்) தன் அறிக்கையில் தரும் உயிர்க்கோள் குறியீடு. 2024 அறிக்கையில் உள்ள 73 சதவீதம் என்ற எண்ணுக்குப் பொருள், கண்காணிக்கப்பட்ட முதுகெலும்பி விலங்குக் கூட்டங்களின் அளவு 1970–2020 காலத்தில் சராசரியாக அவ்வளவு குறைந்தது என்பது. உலக விலங்குகளில் 73 சதவீதம் செத்துவிட்டன என்று எழுதினால் அது தவறு. ஒரு தவறான எண்ணைப் பிடித்தவர் மற்ற அட்டைகளையும் நம்ப மாட்டார்.

காரணத்தைப் பொதுச்சொல்லில் எழுதாதீர்கள். 'வாழிட இழப்பு, வேட்டை, காலநிலை மாற்றம்' என்ற மூன்று சொல் எல்லா அட்டையிலும் இருந்தால் எதிலும் இல்லாததற்குச் சமம். வெண்முதுகுப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு அருகியது எப்படி? கால்நடைக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. இந்தியாவில் இந்தப் பாறுவின் எண்ணிக்கை 99 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 2006இல் அந்த மருந்தின் கால்நடைப் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. வகிட்டா என்ற சிறு கடல்வாழ் பாலூட்டி கலிஃபோர்னியா வளைகுடாவில் மட்டுமே உண்டு. டொடொவாபா மீனுக்கு விரிக்கும் செவுள்வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாகிறது. இப்படி ஒரு மருந்து, ஒரு வலை என்று கண்ணுக்குத் தெரியும் காரணம் சொன்னால் படிப்பவர் அடுத்தவரிடம் போய்ச் சொல்கிறார்.

வருத்தம் மட்டும் காட்டும் பக்கத்தை யாராலும் தினம் பார்க்க முடியாது. மீண்டு வந்தவையும் வரிசையில் வேண்டும். ஐபீரிய லின்க்ஸ் பூனையில் 2001இல் முதிர்ந்தவை 62 மட்டுமே இருந்தன, 2022இல் 648. அதன் உணவான முயலைப் பெருக்கியது, வாழிடத்தை மீட்டது, வளர்த்து விட்டது, சாலை விபத்தைக் குறைத்தது என்று பல வேலைகள் சேர்ந்து 2024இல் அது அழிவாய்ப்பு நிலைக்கு வந்தது. ஐந்து அட்டைக்கு ஒன்றாவது இப்படி இருக்கட்டும்.

'நீங்கள் செய்யக்கூடியது' என்ற வரி பொய்யாக இருக்கக்கூடாது. அழுங்காமையின் ஓட்டில் செய்த நகையை வாங்காதீர்கள் என்பது நேரான செயல். தேவாங்கைச் செல்லப்பிராணியாகக் காட்டும் காணொளியைப் பகிராதீர்கள் என்பதும் அப்படியே. தொலைவில் இருப்பவர் செய்ய எதுவும் இல்லாத விலங்குக்கு அந்த வரியையே விட்டுவிட்டு, களத்தில் வேலை செய்யும் அமைப்பின் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். நன்கொடையை நீங்கள் வாங்கிக் கைமாற்ற வேண்டாம்.

படங்கள்

விக்கிமீடியா காமன்ஸ் நல்ல மூலம். படம் எடுத்தவர் பெயர், மூல இணைப்பு, உரிமப் பெயரும் அதன் இணைப்பும், வெட்டியிருந்தால் வெட்டப்பட்டது என்ற குறிப்பு ஆகிய நான்கும் படத்தின் ஓரத்திலேயே தெரிய வேண்டும். மக்கள் தாங்கள் பார்த்த உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்துப் படங்களில் பல வணிகமற்ற பயன்பாட்டு உரிமம் கொண்டவை. பின்னாளில் விளம்பரமோ ஆதரவுப் பணமோ வந்தால் அவை சிக்கலாகும். தொடக்கத்திலேயே தவிர்ப்பது நிம்மதி. செயற்கை நுண்ணறிவு வரைந்த படம் இங்கே வேண்டவே வேண்டாம். விரல் எண்ணிக்கையும் வரியமைப்பும் தவறிய ஒரு விலங்கைக் காட்டி 'இது அழிகிறது' என்று சொல்லக்கூடாது.

மனிதர் மடியிலோ கையிலோ இருக்கும் படத்தையும் ஒதுக்குங்கள். மனிதரோடு சேர்த்துக் காட்டிய சிம்பன்சிப் படத்தைப் பார்ப்பவர்கள் அதை வளர்ப்புக்கு ஏற்றதாக நினைக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அகலம் 1,920 பிக்சல், வெப்பி வடிவம், தரம் 75 என்று வைத்தால் பெரும்பாலான படங்கள் 150 முதல் 350 கிலோபைட்டில் அடங்கும். இலைக்கூட்டம் நிறைந்த காட்டுப் படம் இன்னும் கனக்கும். அறுபது படமும் சேர்ந்து 15 மெகாபைட் அளவில் நீட்டிப்புக்குள்ளேயே இருப்பது நல்லது. சர்வரிலிருந்து எடுத்தால் பயனர் எப்போது டேப் திறக்கிறார் என்ற தடயம் அந்தச் சர்வரில் பதிவாகும். இணையம் இல்லாதபோது பக்கமும் வெறுமையாகும்.

திரை அகலம் மாறும்போது படம் வெட்டுப்பட்டு விலங்கின் தலை காணாமல் போவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு. முகம் இருக்கும் இடத்தைச் சதவீதத்தில் எழுதி சிஎஸ்எஸ்ஸின் ஆப்ஜெக்ட் பொசிஷன் பண்புக்குக் கொடுங்கள். அகலத் திரை, சிறு மடிக்கணினி, பாதிச் சாளரம் ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு படத்தையும் பாருங்கள். எழுத்துக்குப் பின்னால் கருமை ஏறும் சாய்வு ஒன்று தேவை. பனியில் நிற்கும் விலங்கின் மேல் வெள்ளை எழுத்து தெரியாது. மாறுபாட்டு விகிதம் 4.5க்குக் குறையக்கூடாது.

இடம் பற்றிக் கவனம் தேவை. படக்கோப்பில் ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டே சேர்க்க வேண்டும். கூடு, குகை, நீர்நிலை போன்றவற்றின் பெயரை உரையில் எழுதக்கூடாது. ஐநேச்சுரலிஸ்ட் அழியும் நிலையில் உள்ள இனங்களின் இருப்பிடத்தை 0.2 பாகை அளவுள்ள கட்டத்துக்குள் எங்கோ என்று மறைத்துக் காட்டுகிறது. அந்த அளவுக்குமேல் நாமும் போகக்கூடாது. அழுங்கு, நட்சத்திர ஆமை போன்ற கடத்தல் விலங்குகளுக்கு நாட்டின் பெயரோடு நின்றுவிடுவது நல்லது.

கடையில் ஏற்றுவதும் பிறகும்

குரோம் கடையில் டெவலப்பர் கணக்குக்கு ஒருமுறை 5 டாலர். இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். ஃபயர்பாக்ஸிலும் எட்ஜிலும் கட்டணமில்லை. திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) 1,280×800, சிறு விளம்பரப் படம் 440×280, மேனிஃபெஸ்ட் விளக்கம் 132 எழுத்துக்குறிக்குள். தமிழில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும் என்பதால் அது மிகக் குறைந்த இடம். மொழிக்கோப்புகளை லோகேல்ஸ் கோப்புறையில் பிரித்தால் இயல்புமொழியையும் மேனிஃபெஸ்டில் குறிப்பிட வேண்டும். மறந்தால் நீட்டிப்பு ஏறவே ஏறாது.

ஜிப் செய்யும்போது கோப்புறையை அல்ல, அதன் உள்ளடக்கத்தைத் தேர்ந்து ஜிப் செய்யுங்கள். மேனிஃபெஸ்ட் முதல் மட்டத்தில் இருக்க வேண்டும். லோகேல்ஸ் தவிர அடிக்கோட்டில் தொடங்கும் கோப்புறைப் பெயர்களைக் குரோம் ஏற்பதில்லை. அனுமதி ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கும் பெட்டியில் ஒரே வரியில் நேராக எழுதினால் போதும். பின்னொரு பதிப்பில் எச்சரிக்கை வரவழைக்கும் அனுமதியைச் சேர்த்தால், பயனர் ஒப்புக்கொள்ளும்வரை நீட்டிப்பு முடங்கிக் கிடக்கும். அவர்களில் கணிசமானோர் திரும்புவதில்லை.

நிலை மாற்றங்களுக்காக ஒவ்வொரு முறையும் பரிசீலனைக்குக் காத்திருக்காமல், ஒரு சிறு திருத்தக் கோப்பை நிலையான தளத்தில் வைத்து நாளுக்கு ஒருமுறை இறக்கலாம். பிற பக்கங்களும் தன் தரவைப் படிக்கலாம் என்று அறிவிக்கும் கார்ஸ் தலைப்பை அந்தத் தளம் தந்தால் கூடுதல் அனுமதி தேவையில்லை. வந்த உரையை இன்னர் ஹெச்டிஎம்எல் வழியாக அல்லாமல் டெக்ஸ்ட் கன்டென்ட் வழியாக மட்டுமே போடுங்கள். சிவப்புப் பட்டியல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் ஒப்பீட்டு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். நன்கொடை இணைப்புகள் திறக்கின்றனவா என்பதையும் அப்போதே பாருங்கள். பயனரைக் கண்காணிக்கும் அனலிட்டிக்ஸ் தேவையில்லை. எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் நீக்கினார்கள் என்பதைக் கடையின் பலகையே சொல்லும். நீக்கும்போது திறக்கும் பக்கத்தில் 'ஏன்?' என்று ஒரே ஒரு கேள்வி வையுங்கள்.

பயனர் எண்ணிக்கை சில ஆயிரத்தைத் தொட்டதும் நீட்டிப்பை விலைக்குக் கேட்டும், ஒரு சிறு ஸ்கிரிப்டைச் சேர்த்தால் மாதம் இவ்வளவு தருகிறோம் என்றும் கடிதங்கள் வரத் தொடங்கும். வாங்குபவருக்கு வேண்டியது விலங்கு அல்ல, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் அந்த ஆயிரம் பிரவுசர்கள். எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதாதீர்கள்.

பராமரிக்க முடியாத நிலை வந்தால் கடையிலிருந்து எடுத்துவிடுவது மட்டும் போதாது. ஏற்கெனவே நிறுவியவர்களிடம் அது ஓடிக்கொண்டே இருக்கும், பழைய நிலைகளைக் காட்டிக்கொண்டே இருக்கும். எடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு பதிப்பை வெளியிடுங்கள்: தரவு எந்தத் தேதி வரை சரிபார்க்கப்பட்டது என்பது ஒவ்வொரு அட்டையின் மேலும் பெரிதாகத் தெரியட்டும், நிலைக்கான இடத்தில் சிவப்புப் பட்டியலின் நேரடி இணைப்பு மட்டும் இருக்கட்டும். அந்தப் பதிப்பு பயனர்களைச் சென்று சேர இரண்டு மூன்று வாரம் விட்டு, அதன்பின் எடுத்துவிடுங்கள்.